திருகுதல், அமர்த்துதல், இறுக்குதல்: ஒரு பழைய லோரி இயந்திரமும் தமிழின் வினைச்சொற்களும்



கலைச்சொல் பற்றிய சொற்பொழிவுக்கு வருவோர் சொற்பட்டியல் ஒன்றை எதிர்பார்ப்பது இயல்பு. நம் கையில் இன்று பட்டியல் ஏதும் இல்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு வார்ப்பிரும்புத் துண்டையே கொண்டு வந்துள்ளோம். அதன் விளிம்பில் ஒரு துளையின் பாதி அரைவட்டமாகத் தெரிகிறது. பழைய லோரி இயந்திரம் ஒன்றின் குழாய்த் தொகுதியில் 'காது' என்று தொழிலாளர் வழங்கும் பகுதி இது. சுபாங் ஜெயாவில் உள்ள ஒரு பட்டறையில், கேஸ்கெட் மாற்றும் பணி முடியும் தறுவாயில், நம் கண்முன்னே இது உடைந்து விழுந்தது.

அதை உடைத்தவர் பத்தொன்பது வயதுப் பயிற்சித் தொழிலாளி. ஏச்சு வாங்கியவரும் அவரே. ஆயினும் அவர் தமக்குச் சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே செய்தார். சொல்லப்பட்டது யாது, சொல்லப்பட்டிருக்க வேண்டியது யாது என்று ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். அதற்கு முதற்கண் அப்பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழில் விளக்கியாக வேண்டும். ஒரு தொழிலைத் தமிழில் ஐயமற விளக்க முடிகின்றதா என்பதே அத்தொழிலுக்கு நாம் வகுக்கும் சொற்களுக்கு உற்ற தேர்வு என்பது நம் துணிபு.

இடமும் மாந்தரும்

இன்று மாநகராக விளங்கும் சுபாங் ஜெயாவின் நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய நகரமைப்பில் மரங்கள் போயின. வீடுகளும் கடைவரிசைகளும் பட்டறைகளும் எழுந்தன. தோட்டத்து லோரிகளைப் பழுதுபார்த்த கைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்வட்டாரப் பட்டறைகளில் உள்ளனர். நாம் குறிப்பிடும் பட்டறைக்கு வந்திருந்தது, 1950களைச் சேர்ந்த ஒரு பெட்ரோல் லோரி. தந்தை ஓட்டிய வண்டியை மீண்டும் ஓடவைக்க விரும்பிய மகன் ஒருவர் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பணியில் மூவர் இருந்தனர். ஐம்பது வயது கடந்த போர்மேன். முப்பதை நெருங்கும் உதவியாளர். பயிற்சித் தொழிலாளியான இளைஞர். 'போர்மேன்' என்பது மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம் நாட்டில் அது வண்டி பழுதுபார்ப்பவரைக் குறிக்கும் சொல்லாகப் பொருள் திரிந்து, மலாயில் 'போமென்' என்றே நிலைபெற்றுவிட்டது.

மூவரும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். ஆயினும் அறிவியலை அவர்கள் பயின்ற மொழி ஒன்றாக இல்லை. போர்மேன் தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்றார். உதவியாளர் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003இல். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளிலும் நடப்புக்கு வந்த ஆண்டு அது. 2012 முதல் அக்கொள்கை படிப்படியாக மீட்டுக்கொள்ளப்பட்ட பின் பள்ளிக்குச் சென்ற இளைஞர் மீண்டும் தமிழில் கற்றார். இடைநிலைப் பள்ளியில் மூவருக்கும் பொதுப் பயிற்றுமொழி மலாய். ஆக, ஓர் இயந்திரத்தின் முன் மூன்று தலைமுறைகளும் மூன்று மொழிகளும் நின்றன. வீட்டிலும் பட்டறையிலும் அவர்களை இணைத்தது பேச்சுத் தமிழே.

உறுப்பும் அதன் பணியும்

இயந்திரம் மூச்சுவிடும். வெளிக்காற்று வடிகட்டி வழியே புகுந்து, கார்புரேட்டரில் பெட்ரோலுடன் கலந்து, ஒரு குழாய்க்குள் செல்லும். அக்குழாய் கிளைகளாகப் பிரிந்து சிலிண்டர்களுக்கு அக்கலவையைப் பகிர்ந்தளிக்கும். இதுவே இன்டேக் மேனிஃபோல்டு. உள்வழி மேனிஃபோல்டு என்று நாம் குறிப்போம். எரிந்த புகையைத் திரட்டி வெளியேற்றும் மற்றொரு கிளைக்குழாய் புகைவழி மேனிஃபோல்டு. அக்காலத்து ஆறு சிலிண்டர் லோரி இயந்திரங்கள் பலவற்றில் இவ்விரண்டும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். நடுவில் இரண்டையும் சில போல்ட்டுகள் பிணைக்கும். புகைவழியின் சூடு உள்வழியின் அடிப்புறத்தை வெதுவெதுப்பாக்கிப் பெட்ரோல் நன்கு ஆவியாக உதவும் என்பதே இவ்வமைப்பின் காரணம்.

இவ்விணைக் குழாய்கள் சிலிண்டர் தலையுடன் சேருமிடத்தில் இரும்பும் இரும்பும் சந்திக்கின்றன. எவ்வளவு இழைத்தாலும் இரும்பின் முகம் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை உடையது. அவ்விடைவெளியை நிரப்ப இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் மென்மையான தகடே கேஸ்கெட். இரு பலகைகளுக்கிடையே மெழுகைத் தடவி அழுத்தினால் மெழுகு பள்ளங்களில் பரவி நிரம்புவது போல, கேஸ்கெட்டும் அழுத்தத்தால் நசுங்கி இடைவெளிகளை அடைக்கிறது.

அடைக்காவிட்டால் நேர்வது யாது? பெட்ரோல் இயந்திரம் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, கார்புரேட்டரின் கதவு ஏறத்தாழ மூடியிருக்கும். சிலிண்டர்கள் காற்றை இழுக்கும், வழியோ குறுகல். ஆகவே மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைந்துவிடும். நலமான இயந்திரத்தில் இக்குறைவு பாதரச அளவில் 430 முதல் 530 மில்லிமீட்டர் வரை இருக்கும். தொழிலாளர் இதை 'வேக்கம்' என்பர். கேஸ்கெட்டில் சிறு பிளவு ஏற்பட்டாலும் வெளிக்காற்று அதன் வழியே பாய்ந்து கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் குறைக்கும். இயந்திரம் குலுங்கும்; நிற்கும்போது அணைந்துபோகும்; கார்புரேட்டர் வழியே வெடித்துத் தும்மும். மேலும், அக்காலப் பெட்ரோல் லோரிகள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைசெய்யும் விசையும் இதே வேக்கத்திலிருந்து பெறப்படுகிறது. கசிவு மிகுந்தால் பிரேக் மிதி கடினமாகும். ஆகவே இது இயந்திரத்தின் நலத்தோடு நின்றுவிடும் குறை ஆகாது, உயிரோடு தொடர்புடையது.

டீசல் இயந்திரத்தில் நிலைமை சற்று வேறு. பெரும்பாலான பழைய டீசல் இயந்திரங்களில் காற்றைத் தடுக்கும் கதவு இல்லையாதலின் வேக்கம் மிகுதியாக இராது. அங்கே கேஸ்கெட் பழுதுபட்டால் வடிகட்டியைக் கடவாத தூசு உள்ளே புகுந்து சிலிண்டர்ச் சுவரைத் தேய்க்கும். டர்போ பொருத்திய இயந்திரமாயின் அழுத்தப்பட்ட காற்று வெளியே கசியும், இழுவை குறையும், கரும்புகை எழும்.

பெயர்கள் கடன் வாங்கத்தக்கன

இதுவரை கேஸ்கெட், மேனிஃபோல்டு, கார்புரேட்டர் என்ற சொற்களை நாம் தயக்கமின்றி ஆண்டோம். தமிழ்மன்ற மேடையில் இது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். அச்சொற்களின் பிறப்பைச் சற்று நோக்குவோம்.

'கேஸ்கெட்' என்பது பொறியியலார் படைத்த சொல் அன்று. கப்பலில் சுருட்டிய பாயைக் குறுக்குமரத்தோடு கட்டும் சிறு கயிற்றுக்கு ஆங்கிலேய மாலுமிகள் வழங்கிய பெயர் அது. நீராவி இயந்திரம் வந்தபோது, ஆவி கசியாமல் பின்னிய சணலை உள்ளே திணித்தனர். கயிற்றின் பெயர் அச்சணலுக்குச் சென்றது. சணலின் பெயர் பின்னர்த் தகட்டுக்கு வந்தது. 'மேனிஃபோல்டு' என்பதும் 'பலவகைப்பட்ட' என்னும் பொருளுடைய பழைய பெயரடையே. ஒரு வாயிலிருந்து பல வாய்களாகப் பிரியும் குழாய்க்கு அது பின்னாளில் பெயராயிற்று.

மலாய் மொழியார் மேனிஃபோல்டைப் 'பஞ்சாரொங்கா' என்கின்றனர். 'ரொங்கா' என்பது பொந்து, உள்வெளி எனப் பொருள்படும் மலாய்ச் சொல். 'பஞ்சா' என்பதோ ஐந்தைக் குறிக்கும் வடசொல். நாம் 'பஞ்சேந்திரியம்' என்னும்போது எடுத்தாள்வதும் அதுவே. மலாயில் அது 'பல' என்று பொருள் விரிந்து நிற்கிறது. அதே மலாய், கேஸ்கெட்டைக் 'கேஸ்கெட்' என்றே ஏற்றுக்கொண்டது. சக்கரத்துக்கு 'ரோடா' என்று போர்த்துகீசியரிடமிருந்தும், கப்பல், கடை, பெட்டி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழரிடமிருந்தும் பெற்றதும் அதே மொழிதான்.

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. பிற நிலத்துச் சொல்லுக்கும் பிறமொழிச் சொல்லுக்கும் இடமளித்து, அவை தமிழ் எழுத்தின் மரபுக்கு இயைய வேண்டும் என்ற வரம்பை மட்டும் விதித்த நெறி அது. பொருளோடு சேர்ந்து வரும் பெயரை ஏற்பதால் மொழி கெடுவதில்லை. 'பேருந்து' போல மக்கள் விரும்பி ஏற்கும் ஆக்கங்கள் அமையுமாயின் மகிழ்ச்சியே. அவை அமையும்வரை பணி காத்திருக்காது.

எனினும் நல்ல ஆக்கம் ஒன்று உயிர்காக்கும் என்பதையும் அப்பட்டறையிலேயே கண்டோம். அதைக் கழற்றுதல் பற்றிய பகுதியில் கூறுவோம்.

பழுதை அறிதல்

கேஸ்கெட்டைக் குற்றஞ்சாட்டும் முன் எளிய ஐயங்களை நீக்க வேண்டும். வேக்கம் செல்லும் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கலாம். கார்புரேட்டரின் அடிப்பகுதி தளர்ந்திருக்கலாம். போர்மேன் ஒரு நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாயிணைப்பின் ஓரமாக நகர்த்தினார். ஓரிடத்தில் 'உஸ்' என்ற ஒலி கேட்டது. பின்னர்ச் சவர்க்காரம் கரைத்த நீரை அவ்விடத்தில் பீய்ச்சினார். நீர் பிளவை ஒரு கணம் அடைத்தது. இயந்திரத்தின் குலுக்கம் அக்கணம் அடங்கி, மீண்டும் தொடங்கியது. கசிவுள்ள இடம் உறுதியாயிற்று.

சிலர் நீருக்கு மாற்றாகப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பர். பக்கத்திலேயே கொதிக்கும் புகைவழி இருக்க, அது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். மாணவர்கள் இதை மனத்தில் இருத்துக.

கழற்றுதலும் துடைத்தலும்

இயந்திரம் முற்றும் குளிர்ந்த பின்னரே கைவைக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையை முதலில் விடுவித்தல், காற்று வடிகட்டியை எடுத்தல், பெட்ரோல் குழாயை அடைத்துக் கழற்றுதல், முடுக்கியின் இணைகம்பியை விடுத்தல், ஒவ்வொரு வேக்கக் குழாயிலும் அடையாளச் சீட்டுக் கட்டுதல், கீழே செல்லும் புகைக்குழாயைப் பிரித்தல் என்பது முறை. துருப்பிடித்த நட்டுகளின்மேல் முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்திருந்தனர். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினர்.

ஒட்டிக்கொண்ட மேனிஃபோல்டை நெம்பக்கூடாது. இரு முகங்களுக்கிடையே திருப்புளியைச் செருகி நெம்பினால் இரும்பில் வடு விழும். அவ்வடுவே அடுத்த கசிவுக்கு வாயில். மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி அசைத்துப் பின் இழுத்தனர். உடனே திறந்த துளைகளில் துணியைத் திணித்தனர். எத்தனை துணி என்று எண்ணிச் சுவரில் எழுதினர், இப்பழக்கம் போற்றத்தக்கது. உள்ளே மறந்துவிட்ட ஒரு துணியோ விழுந்த ஒரு நட்டோ இயந்திரத்தையே அழித்துவிடும்.

அடுத்து, ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட வேண்டும். இளைஞர் கம்பித் தூரிகையை எடுத்தார். காற்றழுத்தக் குழாயையும் அருகே இழுத்து வைத்துக்கொண்டார். அப்போது போர்மேன், "தம்பி, நில்லு. அது கல்நாரு" என்றார். இளைஞர் விளங்காமல் விழித்தார். "கல்லுலேருந்து எடுக்குற நாரு தம்பி. தூசா பறந்து நுரையீரல்ல குத்தி நிக்கும்" என்று போர்மேன் விரித்ததும் தூரிகை கீழே இறங்கியது. அக்காலத்துக் கேஸ்கெட்டுகளில் கல்நார் பரவலாகக் கலக்கப்பட்டது. அதன் நுண்ணிய இழைகளை மூச்சில் இழுத்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரற் புற்றுநோய் தோன்றக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டுதலும் காற்றால் ஊதுதலும் கூடா. தக்க முகமூடி அணிந்து, நன்கு நனைத்து, மெல்ல வழித்தெடுத்து, ஈரத்துடனேயே பையிலிட்டுக் கட்ட வேண்டும்.

'அஸ்பெஸ்டாஸ்' என்னும் சொல்லை அவ்விளைஞர் கூரைத்தகட்டின் பெயராகவே அறிந்திருந்தார். கல்லும் நாரும் ஒருங்கே தெரியும் 'கல்நார்' என்னும் சொல்லோ ஒரே விளக்கத்தில் அபாயத்தைக் காட்டிவிட்டது. ஆக்கச்சொல்லின் பயன் இத்தகைய இடத்தில்தான் மெய்ப்படுகிறது.

முகங்களைத் துடைத்தபின், நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, அதன் அடியில் அளவுத்தகடு நுழைகிறதா என்று பார்த்தனர். மேனிஃபோல்டு வளைந்திருந்தால் புதிய கேஸ்கெட்டும் நெடுநாள் தாங்காது. கடைசலுக்கு அனுப்பி இழைக்க வேண்டும். எவ்வளவு வளைவு பொறுக்கத்தக்கது என்பதைத் தயாரித்தோரின் கையேடு கூறும். இவ்வண்டியின் முகங்கள் நேராகவே இருந்தன.

காது உடைந்த கதை

புதிய கேஸ்கெட்டை உலர்ந்த நிலையிலேயே துளைகளின்மேல் வைத்து, எல்லாத் துளைகளும் ஒத்திருத்தலைச் சரிபார்த்தனர். மேனிஃபோல்டு இணையைத் தூக்கி ஏற்றினர். போர்மேனுக்குத் தொலைபேசி வந்தது. எழுந்து செல்லும்போது அவர் சொன்னது: "தம்பி, எல்லாத்தையும் நல்லா டைட் பண்ணிடு. லூசா உட்றாத."

இளைஞர் பணிந்தார். தமக்கு அருகில் இருந்த கடைசி நட்டிலிருந்து தொடங்கினார். நல்லா என்று சொல்லப்பட்டதால் நன்றாகவே முறுக்கினார். பின் மறுகோடிக்குச் சென்று அங்கும் முறுக்கினார். அவ்விரண்டாம் கோடியில் 'டிக்' என்ற ஓசையுடன் இத்துண்டு கீழே விழுந்தது.

காரணம் இரண்டு. முதலாவது, இரு மேனிஃபோல்டுகளையும் நடுவில் பிணைக்கும் போல்ட்டுகள் முன்னரே இறுக்கமாக இருந்தன. அவற்றைத் தளர்வாக விட்டு, இரண்டு குழாய்களும் சிலிண்டர் தலையில் தத்தம் போக்கில் பதிந்த பின்னரே பிணைக்க வேண்டும். இல்லையெனில் ஒன்று பதியும்போது மற்றொன்று சிறிது விலகி நிற்கும். விலகி நிற்கும் வார்ப்பிரும்பை வலிந்து இழுத்தால் அது வளையாது, உடையும்.

இரண்டாவது, இறுக்கும் வரிசை. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி ஓரத்தை நோக்கிச் செல்ல வேண்டும். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. கேஸ்கெட் நசுங்கும்போது அதன் சுருக்கமும் இரும்பின் சிறுவளைவும் வெளிப்புறமாக நழுவி மறைய வழி வேண்டும். ஓரங்களை முதலில் பூட்டிவிட்டால் அவை நடுவில் சிறைப்பட்டுவிடும்.

இதனோடு வெப்பத்தின் செயலையும் எண்ண வேண்டும். வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு நீள்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள புகைவழி மேனிஃபோல்டின் வெப்பம் 400 பாகை உயர்ந்தால், அது இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் நீளும். அதைத் தாங்கி நிற்கும் சிலிண்டர் தலையோ நீரால் குளிர்விக்கப்படுவதால் அவ்வளவு நீளாது. ஆகவே ஓரங்களில் மேனிஃபோல்டு சற்று நழுவ இடம் வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றின் கையேடுகள் ஓர நட்டுகளுக்கு நடு நட்டுகளைவிடக் குறைந்த முறுக்குவிசையை விதித்திருப்பது இதனாலேயே. ஓரத்தை மிகுதியாக இறுக்குதல் வலிமை என்று தோன்றும். உண்மையில் அதுவே உடைவுக்கு விதை.

இவ்வளவும் 'நல்லா டைட் பண்ணிடு' என்னும் தொடரில் இல்லை. எவ்வரிசையில், எத்தனை முறையில், எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் அத்தொடர் விடை தரவில்லை.

வினைகளை இழத்தல்

மொழியியலில் நன்கு அறியப்பட்ட உண்மை ஒன்றுண்டு. மொழிகள் பெயர்ச்சொல்லை எளிதில் கடன் வாங்கும். வினைச்சொல்லை அவ்வளவு எளிதில் வாங்குவதில்லை. தமிழ் பிறமொழி வினையை வாங்கும்போது அதை ஒரு பெயர்போல ஆக்கி, 'பண்ணு' அல்லது 'செய்' என்பதைத் துணைக்குச் சேர்க்கிறது: டைட் பண்ணு, ஓப்பன் பண்ணு, கிளீன் பண்ணு. இங்கேதான் இழப்பு நேர்கிறது. கேஸ்கெட் என்ற பெயர் வந்தபோது தமிழில் எச்சொல்லும் இடம் இழக்கவில்லை. அப்பொருள் முன்னர் நம்மிடம் இல்லை. 'டைட் பண்ணு' வந்தபோதோ திருகு, அமர்த்து, நெருக்கு, முடுக்கு, இறுக்கு என்ற ஐந்து வினைகள் ஒருங்கே ஒதுங்கின. அவ்வைந்தும் கையின் ஐந்து வேறு நிலைகளைக் குறிப்பன. 'கிளீன் பண்ணு' என்பதும் அவ்வாறே. சுரண்டு, வழி, துடை, ஊது, கழுவு ஆகியவற்றுள் எது என்று அது சொல்வதில்லை. கல்நாரின் முன் இவ்வேறுபாடு உயிர்ச் சிக்கல் என்பதைக் கண்டோம்.

மறுவாரம் பழைய இரும்புக்கடை ஒன்றில் அதே வகை மேனிஃபோல்டு கிடைத்தது. அதைப் பொருத்தும் நாளில் நாமும் சென்றோம். பணிமுறையை ஓர் அட்டையில் தமிழில் எழுதித் தர விரும்பினோம். முதல்நிலைக்குத் 'திருகு' என்றும், இடைநிலைக்கு 'நெருக்கு' என்றும், இறுதிநிலைக்கு 'இறுக்கு' என்றும் எழுதிப் போர்மேனிடம் காட்டினோம். அவர் நடுச்சொல்லில் விரல் வைத்து, "ஐயா, இது சரி வராது. நெருக்குன்னா பலம் போட்டுருவான். முதல்ல கேஸ்கெட்டு உட்காரணும், அப்புறம்தான் இறுக்கணும்" என்றார். நாம் 'உட்காரவை' என்பதன் எழுத்துவழக்காக 'அமர்த்து' என்று மாற்றினோம். அவர் தலையசைத்தார்.

அதன்பின் நாம் கேட்டோம்: "அன்று இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கலாமே?" சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அவசரத்துல வாயில வர்றது அதுதான் ஐயா. தப்பு என் மேலதான்" என்றார். இளைஞர் அருகில்தான் நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

வேண்டிய சொல் போர்மேனின் வாயிலேயே இருந்தது. அகராதியில் தேடிய நமக்குத்தான் அது கிட்டவில்லை. அவசரத்தில் அவருக்கும் அது வரவில்லை.

அட்டையில் இறுதியாக எழுதப்பட்டது இது:

1. பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாக விடுக. மரைகளைத் துடைத்து, எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் திருகுக. ஒரு நட்டு விரலுக்கு இணங்காவிடில் நிறுத்தி, மரையைப் பார்க்க.

2. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இருபுறமும் மாறி மாறி, குட்டை ஸ்பானரால் அமர்த்துக. மேனிஃபோல்டு முழுவதும் கேஸ்கெட்டைத் தொட வேண்டும், நசுக்கக் கூடாது.

3. அதே வரிசையில், முறுக்குவிசை அளக்கும் ஸ்பானரால், கையேடு கூறும் அளவில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, முழுமை என மூன்று சுற்றாக இறுக்குக. ஓர நட்டுகளுக்குத் தனி அளவு கூறப்பட்டிருப்பின் அதைக் கடவாதிருக்க. பின்னரே பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்குக.

துளைகளில் திணித்த துணிகளைச் சுவரிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே மேனிஃபோல்டை ஏற்றினர் என்பதையும் சொல்ல வேண்டும். இம்முறை இளைஞரே எல்லா நட்டுகளையும் இறுக்கினார். இயந்திரத்தை ஓட்டி, சவர்க்கார நீரைப் பீய்ச்சினர். ஓட்டத்தில் மாற்றம் இல்லை. வேக்க மானியின் முள் 480 மில்லிமீட்டர் அருகே அசையாது நின்றது. மறுநாள் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டின்படி நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தனர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

கலைச்சொல் முயற்சி நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது நம் கோலாலம்பூரில்தான். இம்மரபில் கிரீனின் முயற்சி நமக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. எதிரே மாணவர் அமர்ந்திருக்க, நோயாளி காத்திருக்க, சொல்லும் செயலும் ஒருங்கே தேர்வுக்கு உள்ளான இடம் அது.

ஆசிரியர்கள் மாணவரிடம் பொருளின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு செயலை விளக்கச் சொல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மிதிவண்டியின் சங்கிலியை மாட்டுதல், குழாய்த் தலையின் வாசர் மாற்றுதல், அரிசி களைதல் என எதுவாயினும் ஆகுக. 'பண்ணு', 'செய்' என்ற துணைவினைகளைத் தவிர்த்து எழுதச் சொன்னால், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியோரிடம் வினைச்சொற்களைக் கேட்டு வருவர். அவற்றுள் பல எந்த அகராதியிலும் இந்தத் தொழிற்பொருளில் இடம்பெறாதவை.

தொழிற்கல்விக்குச் செல்லும் நம் மாணவர்கள் அங்கே மலாயில் கற்பர். சான்றிதழும் அம்மொழியிலேயே பெறுவர். அது முறையே. ஆயினும் பட்டறையில் நம் அண்ணன்மாரிடமும் மாமன்மாரிடமும் அவர்கள் கைத்தொழிலைக் கற்கும் மொழி தமிழாகவே தொடர்கிறது. அம்மொழி வரிசையும் அளவும் சொல்லும் திறனை இழந்தால், இழப்பு இலக்கியத்துக்கு மட்டும் உரியதாகாது. இரும்பு உடையும்; நுரையீரல் கெடும்; பழி அறியாத இளைஞர்மேல் விழும்.

இத்துண்டைப் போர்மேன் குப்பையில் எறிய இருந்தார். இளைஞரின் ஒப்புதலோடு நாம் கேட்டுப் பெற்றோம். அவர் இப்போது மலேசியத் திறன் சான்றிதழுக்குப் பயில்கிறார். அட்டையோ அப்பட்டறைச் சுவரில் எண்ணெய்க் கறையுடன் தொங்குகிறது. சென்ற முறை சென்றபோது அதன் அடியில் வேறொரு கையெழுத்தில் நான்காவது வரி ஒன்று சேர்ந்திருந்தது: "போன் வந்தா, இறுக்குறத நிறுத்து." அதைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.